தெர்மாமீட்டர்ல 3 டிகிரி, ஆனா கிழங்கு செடி மேல உறைபனி. எப்படி?

பள்ளத்து தோட்டம் (கேள்வி):

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு ஊட்டி பக்கத்துல கேத்தில ஒண்ணரை ஏக்கர், வீட்டை சுத்தி தேயிலை, கீழ ஓடை ஓரமா கொஞ்சம் கேரட்டும் உருளைக்கிழங்கும். போன வாரம் ஒரு நாள் ராத்திரி மேகமே இல்ல, காத்தும் அசையல, நட்சத்திரம் எல்லாம் பளிச்சுனு தெரிஞ்சுது, அப்பவே அப்பா சொன்னாரு இன்னைக்கு பனி இறங்கும்டானு. திண்ணையில ஒரு தெர்மாமீட்டர் தொங்குது, காலைல அஞ்சரைக்கு டார்ச் அடிச்சு பாத்தேன், 3 டிகிரி. அப்பாடா தப்பிச்சோம்னு நெனச்சு வெளிச்சம் வந்ததும் கீழ எறங்கி போனா கிழங்கு பாத்தி பூரா உப்பு தூவுன மாதிரி வெள்ளையா கெடக்கு. ஒரு இலைய பறிச்சு கையில வச்சு பாத்தேன், ஓரம் முழுக்க ஊசி ஊசியா ஐஸ், விரல் பட்டதும் கரையுது, இலை அப்பளம் மாதிரி வெறச்சு நிக்குது. பத்து மணிக்கு வெயில் ஏறினதும் வேக வச்ச கீரை மாதிரி தொங்கிருச்சு, மறுநாள் எல்லாம் கருப்பு. நாலு மாச உழைப்பு.

என் கேள்வி என்னன்னா தண்ணி உறையுறது 0 டிகிரிலதானே, 3 டிகிரில எப்படி உறைஞ்சுது? தெர்மாமீட்டர் தப்பா இருக்கும்னு நெனச்சு ஐஸ் போட்ட தண்ணில முக்கி பாத்தேன், சரியா 0 காட்டுது. இன்னொண்ணு, சில்வர் ஓக் மரத்துக்கு அடியில ரெண்டு பாத்தி இருக்கு, அதுல ஒரு இலை கூட கருகல. வாசல்ல நின்ன ஜீப்புலயும் கூரையும் முன் கண்ணாடியும் வெள்ளை, சுவத்த பாத்த மாதிரி இருந்த சைடு கண்ணாடி மட்டும் சுத்தமா காஞ்சு இருக்கு. அப்பாவ கேட்டா பனி மேல இருந்து விழுது, மரம் தாங்கிக்குதுங்குறாரு. பதினொண்ணாவது படிக்கிற பொண்ணு கேக்குறா, மேகமே இல்லாதப்போ எங்க இருந்துப்பா விழும்னு. எனக்கு பதில் சொல்ல தெரியல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

---

மேட்டு ஹட்டி:

தம்பி, பயிர் போனது ரொம்ப கஷ்டமா இருக்கு. எங்களுக்கும் முன்ன ஒரு தடவ இதே மாதிரி ஆச்சு, ஓடை ஓரம் மட்டும் போச்சு, மேட்டுல இருந்தது பிழைச்சுது. குளிர்ந்த காத்து கனம், அது ராத்திரி பூரா சரிவுல தண்ணி மாதிரி வழிஞ்சு பள்ளத்துல போய் தேங்கும். சாயந்திரம் அடுப்பு எரியுற நேரம் உங்க பள்ளத்த மேல இருந்து பாருங்க, புகை மேல ஏறாது, ஒரு மட்டத்துக்கு வந்து போர்வை விரிச்ச மாதிரி அப்படியே படுத்துக்கும். அந்த போர்வைக்கு கீழ இருக்குறதுதான் குளிர் காத்து, அதுக்கு மேல கொஞ்சம் வெதுவெதுனு இருக்கும். ஊட்டிலயும் குதிரை பந்தய மைதானம், காந்தள், தலைகுந்தானு தாழ்வா இருக்குற எடத்துலதான் முதல்ல வெள்ளையாகுது. உங்க தெர்மாமீட்டர் மேட்டுல வீட்டுல இருக்கு, கிழங்கு பள்ளத்துல இருக்கு. அதான் வித்தியாசம்.

---

பள்ளத்து தோட்டம்:

அண்ணா நீங்க சொல்றது புரியுது, புகை நானும் பாத்திருக்கேன். ஆனா ஜீப் நின்னது தெர்மாமீட்டர்ல இருந்து பத்தடி தூரத்துல, அதே வாசல், அதே மட்டம். அதோட கூரை மேல எப்படி ஐஸ் வந்துச்சு? மரத்தடி பாத்தியும் அதே பள்ளத்துலதான் இருக்கு. அதான் குழப்பமே.

---

கோத்தகிரி வாத்தியார்:

முப்பது வருஷம் பிசிக்ஸ் சொல்லி குடுத்தவன், இந்த கேள்விய இவ்வளவு அழகா யாரும் கேட்டதில்ல, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுமையா படிங்க. பொண்ணுக்கும் காட்டுங்க.

முதல்ல ஒண்ணு. பனி பெய்யுது, பனி விழுது, பனி இறங்குதுனு நம்ம பாஷைலயே இருக்கு, அதனாலதான் அப்பா அப்படி சொல்றாரு. ஆனா உறைபனி மேல இருந்து விழுறது இல்ல. நடக்குறது நேர் எதிர். உங்க செடில இருந்து வெப்பம் மேல போகுது.

வெப்பம் ஒரு எடத்துல இருந்து இன்னொரு எடத்துக்கு போக மூணு வழி இருக்கு. கரண்டி காம்பு சுடுறது ஒண்ணு, அது கடத்தல். ஒலைத்தண்ணி கீழ இருந்து மேல சுத்தி சுத்தி வர்றது ரெண்டாவது, சலனம். இந்த ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது பொருள் வேணும், இரும்போ தண்ணியோ காத்தோ. மூணாவதுக்கு எதுவுமே வேணாம், அதுதான் கதிர்வீச்சு. கணப்புக்கு முன்னாடி உக்காந்து கைய நீட்டுங்க, சுடும். இப்ப நடுவுல ஒரு பேப்பர பிடிங்க, அந்த நொடியே சூடு நின்னு போகும், பேப்பர எடுத்தா அந்த நொடியே திரும்ப வரும். காத்து சூடாகி கைக்கு வந்திருந்தா இவ்வளவு சட்டுனு நிக்காது. அது நெருப்புல இருந்து நேர் கோட்டுல வெளிச்சம் மாதிரி வர்றது.

நெருப்பு மட்டும்தான் இப்படி வீசும்னு நெனைக்காதீங்க. சூடு இருக்குற எல்லா பொருளும் வீசும். உங்க கை, சுவர், கல்லு, ஐஸ் கட்டி கூட. ஐஸ்ல சூடு ஏதுனு கேக்கலாம், 0 டிகிரின்றது நாம வச்ச கணக்கு, உண்மையான சைபர் அதுக்கும் 273 டிகிரி கீழ இருக்கு. அங்க இருந்து அளந்தா உங்க கிழங்கு இலை 273ல நிக்குது, அது ஒண்ணும் சில்லுனு செத்த பொருள் இல்ல. எவ்வளவு வீசும்ன்றத 1879ல ஜோசப் ஸ்டீபன்னு ஒருத்தர் மத்தவங்க எடுத்த அளவுகள வச்சு கண்டுபிடிச்சாரு, அந்த 273 மாதிரி எண்ண நாலு தடவ எழுதி ஒண்ணோட ஒண்ணு பெருக்கணும், 273 × 273 × 273 × 273னு, அதுக்கு தகுந்த மாதிரி வீச்சு கூடும். 1884ல போல்ட்ஸ்மான் அது ஏன் அப்படின்னு கணக்குல நிரூபிச்சாரு. அந்த கணக்குப்படி 0 டிகிரில இருக்குற ஒரு சதுர மீட்டர் பரப்பு ஏறக்குறைய 315 வாட் வெளிய வீசிட்டே இருக்கு, ராத்திரி பகல் நிக்காம. நூறு வாட் குண்டு பல்பு மூணு எரியுற அளவு. கண்ணுக்கு தெரியாது, ஏன்னா அதோட அலைநீளம் 10 மைக்ரான் கிட்ட (மைக்ரான்னா ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு), நம்ம கண்ணு பாக்குறது 0.4ல இருந்து 0.7 மைக்ரான் வரைக்கும்தான்.

அப்ப எல்லாமே இப்படி வீசினா எல்லாமே உறைஞ்சு போகணுமேன்னு தோணும். இல்ல, ஏன்னா செலவு மாதிரி வரவும் இருக்கு. இலை வீசுது, இலைக்கு எதிர்ல இருக்குற பொருளும் இலைய பாத்து வீசுது. மரத்தடில இருக்குற இலைக்கு மேல என்ன இருக்கு, சில்வர் ஓக் கிளை. அந்த கிளையும் 2, 3 டிகிரில இருக்கு, இலை அனுப்புற 315க்கு அதுவும் அதே அளவு திருப்பி குடுத்துடுது. கணக்கு நேர். மேகம் இருந்தாலும் அப்படித்தான், தாழ்வான மேகத்தோட அடிப்பக்கம் நம்ம மலை குளிருக்கு கிட்டத்தட்ட சமமா இருக்கும், அது ஒரு கூரை மாதிரி திருப்பி வீசும். அதனாலதான் மேகமூட்டமான ராத்திரி உறைபனி வர்றதில்ல.

திறந்த வெளில இருக்குற இலைக்கு எதிர்ல என்ன இருக்குனு யோசிச்சு பாருங்க. வானம். வானம் எதுவுமே திருப்பி தராதுனு சொல்ல முடியாது, காத்துல இருக்குற நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் கொஞ்சம் வீசும். ஆனா 8ல இருந்து 13 மைக்ரான் வரைக்கும் உள்ள அலைநீளத்த காத்து பெருசா தடுக்காது, ஜன்னல் திறந்து விட்ட மாதிரி. நம்ம இலை அதிகமா வீசுறதும் அந்த 10 மைக்ரான்லதான். அது ஜன்னல் வழியா நேரா விண்வெளிக்கே போயிடுது. தெளிஞ்ச, காஞ்ச ராத்திரில வானம் திருப்பி தர்றது தோராயமா 220, 230 வாட்தான் இருக்கும். செலவு 315. ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் எண்பது வாட்டுக்கு மேல நஷ்டம். நம்ம ஊட்டி 2240 மீட்டர் உயரம், சமவெளில தலைக்கு மேல இருக்குற நீராவில பாதிக்கும் மேல நமக்கு கீழயே நின்னு போயிடுது. ஜனவரில காத்தும் காஞ்சு கெடக்கு. அதனால நம்ம ஜன்னல் இன்னும் அகலம். இதுதான் விஷயமே, சமவெளிக்காரங்களுக்கு புரியாதது.

இலை மெலிசு, உள்ள சேத்து வச்ச சூடு ரொம்ப கம்மி, அதனால சீக்கிரமே பக்கத்துல இருக்குற காத்த விட குளிர்ந்துடும். அப்ப காத்து அதுக்கு கொஞ்சம் சூடு குடுக்கும். காத்து அசையாம நின்னா அந்த உதவி பத்தாது, அதனால இலை காத்த விட 4, 5 டிகிரி கீழ போய் நிக்கும். காத்து வீசினா புதுசு புதுசா சூடு வந்து தொட்டுட்டே இருக்கும், இலை கீழ போகாது. உங்க தெர்மாமீட்டர் சொன்னது காத்தோட வெப்பநிலை, அது பொய் சொல்லல. இலையோட வெப்பநிலைய நீங்க அதுகிட்ட கேக்கல. போதாததுக்கு அது திண்ணையில தொங்குது, மேல ஓடு, பின்னாடி பகல் பூரா வெயில் குடிச்ச சுவர், அந்த ரெண்டும் அத பாத்து வீசிட்டே இருக்கு. ஜீப் கதையும் இதேதான். கூரை வானத்த பாக்குது, சைடு கண்ணாடி சுவத்த பாக்குது.

அந்த ஐஸ் ஊசி எங்க இருந்து வந்துச்சுன்னா, இலைய ஒட்டி இருக்குற காத்துல உள்ள ஈரம்தான் நேரா ஐஸா படியுது. காத்து ரொம்ப காஞ்சு இருந்தா வெள்ளையே தெரியாது, ஆனா இலைக்குள்ள இருக்குற தண்ணி உறைஞ்சு செடி கருகிடும். அது இன்னும் மோசம், காலைல ஒண்ணும் இல்லனு நெனச்சுட்டு இருப்போம்.

1814ல வில்லியம் சார்லஸ் வெல்ஸ்னு லண்டன்ல ஒரு டாக்டர், இதே சந்தேகம் வந்து ராத்திரி ராத்திரியா தோட்டத்துல கம்பளி நூல எடை போட்டு வச்சு சோதிச்சத புத்தகமா போட்டாரு. ரெண்டு பக்கமும் திறந்த ஒரு சுட்ட மண் குழாய புல்லு மேல நிறுத்தி, அதுக்குள்ள கம்பளிய வச்சாரு, அதே எடை கம்பளிய வெளிலயும் வச்சாரு. பனி மழை மாதிரி நேரா மேல இருந்து விழுந்தா ரெண்டுலயும் ஒரே அளவு நனையணும், குழாய்தான் மேல திறந்திருக்கே. ஆனா வெளில இருந்தது நல்லா நனைஞ்சுது, உள்ள இருந்தது பேருக்குதான் நனைஞ்சுது. ஏன்னா உள்ள இருக்குற கம்பளிக்கு வானம் ஒரு துண்டுதான் தெரியுது, மீதி எல்லாம் குழாய் சுவர். உங்க அப்பாவுக்கு இத காட்டுங்க, வாயால சொல்றத விட இது நல்லது.

---

குன்னூர் வாசி:

வாத்தியார் சார் அருமை. ஒரு சந்தேகம். கருப்பு நல்லா வெப்பத்த வீசும்னு படிச்சிருக்கேன். எங்க வீட்டுல கருப்பு பைக்கும் வெள்ளை காரும் பக்கத்துல பக்கத்துல நிக்குது, ரெண்டு மேலயும் ஒரே மாதிரிதான் பனி படியுது. வெள்ளைல கம்மியா இருக்கணும் இல்லையா?

---

கோத்தகிரி வாத்தியார்:

நல்ல கேள்வி. கருப்பு வெள்ளைன்றது நம்ம கண்ணு பாக்குற வெளிச்சத்துக்குதான். 10 மைக்ரான்ல பாத்தா வெள்ளை பெயிண்டும் கருப்புதான், உறைபனியே கருப்புதான், எல்லாம் நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல வீசும். வேற மாதிரி நடக்குறது பளபளப்பான உலோகம் மட்டும்தான், அது நூத்துக்கு பத்து கிட்டதான் வீசும். வைக்கோல் பரப்பி அது மேல ஒரு எவர்சில்வர் தட்டையும் ஒரு மண் சட்டி மூடியையும் ராத்திரி வச்சு பாருங்க, எதுல ஈரம் முதல்ல படியுதுனு.

வைக்கோல்னு சொன்னதும் ஒண்ணு ஞாபகம் வருது. பிரிட்ஜ் இல்லாத காலத்துல அலகாபாத் பக்கம் ஐஸே செஞ்சிருக்காங்க. ஆழமில்லாத குழி வெட்டி, கரும்பு சக்கையும் சோளத்தட்டையும் கெட்டியா பரப்பி, அது மேல மெலிசான மண் தட்டுல தண்ணி ஊத்தி தெளிஞ்ச ராத்திரில வச்சிடுவாங்க. விடியும்போது ஐஸ். ராபர்ட் பார்க்கர்னு ஒருத்தர் 1775லயே இத பாத்து எழுதியிருக்காரு. சமவெளில, காத்து 0 டிகிரிக்கு வராமலே. மண் தட்டுல கொஞ்சம் தண்ணி ஆவியாகுறதும் குளிர வச்சிருக்கும், ஆனா பெரிய வேலைய செஞ்சது வானம். கீழ பரப்புன தட்டை எதுக்குன்னா தரைல இருந்து சூடு ஏறாம தடுக்க.

---

மன்னவனூர் கேரட்:

கொடைக்கானல் பக்கத்துல இருந்து எழுதுறேன். மேல மூடணும்னு புரிஞ்சு ரெண்டு வருஷம் முன்ன நாத்தங்கால் மேல கண்ணாடி மாதிரி இருக்குற பாலித்தீன் ஷீட்ட விரிச்சோம். அப்படியும் கருகிருச்சு. ஷீட் வித்த எடத்துல போய் கேட்டா நீங்க சரியா மூடலன்னு சொல்லிட்டாங்க. உண்மையில என்ன தப்பு?

---

கோத்தகிரி வாத்தியார்:

நீங்க மூடுனது சரி, மூடுன பொருள்தான் சரியில்ல. மெலிசு பாலித்தீன் இந்த 10 மைக்ரான் கதிருக்கு திறந்த ஜன்னல் மாதிரிதான், பெரும்பகுதி ஊடுருவி போயிடும். காத்த தடுக்கும், கதிர தடுக்காது. உள்பக்கம் நல்லா வேர்த்து தண்ணி படலமா நின்னா ஓரளவு தடுக்கும், தண்ணி இந்த கதிர விடாது. இலை ஷீட்ட தொட்டுட்டு இருந்தா அந்த இலை கண்டிப்பா போச்சு, ஷீட்டோட குளிரு நேரா இலைக்கு. கோணிப்பை, காஞ்ச புல்லு, பழைய போர்வை, எதுவா இருந்தாலும் ஒளி புகாததா, செடிய தொடாம குச்சி நட்டு ஒரு அடி மேல போடுங்க.

ஊட்டி தாவரவியல் பூங்கால பனி காலத்துல மலர் செடிங்கள கோத்தகிரி மிலார்னு ஒரு செடிய வெட்டிட்டு வந்து மூடி வைக்கிறாங்களே, அது பழக்கத்துல வந்த அறிவு, பிசிக்ஸ் நூத்துக்கு நூறு சரி. மிலார் இலை வானத்துக்கு வீசி குளிரும், கீழ இருக்குற பூச்செடி மிலார பாக்கும், வானத்த பாக்காது.

---

எஸ்டேட் மேஸ்திரி:

நான் இருக்குற எஸ்டேட்டுல நாங்க ஸ்ப்ரிங்க்ளர் ஓட்டுறது வழக்கம், வெளி ஆளுங்க பாத்துட்டு உறையுற குளிருல செடி மேல தண்ணி ஊத்துறீங்களேன்னு கேப்பாங்க. தண்ணி ஐஸா மாறும்போது சூட்ட வெளிய விடும், ஒரு கிலோ தண்ணிக்கு 334 கிலோ ஜூல்னு எங்க பெரியவர் சொல்லி குடுத்தாரு. தண்ணி விழுந்துட்டே உறைஞ்சுட்டே இருக்குற வரைக்கும் இலை 0 டிகிரிய விட்டு கீழ போகாது, தேயிலை கொழுந்து 0 டிகிரிய தாங்கும், அதுக்கும் கீழ போனாதான் போகும். ஆனா ஒரு எச்சரிக்கை, இத ஆரம்பிச்சா வெயில் வந்து ஐஸ் தானா கரையுற வரைக்கும் நிறுத்தவே கூடாது. ஒரு தடவ விடியக்காலை நாலு மணிக்கு கரண்ட் போய் மோட்டார் நின்னுச்சு, ஸ்ப்ரிங்க்ளர் இல்லாத பாத்திய விட எங்க பாத்தி மோசமா போச்சு. ஈரமா இருக்குற இலைல இருந்து தண்ணி ஆவியாகும்போது இழுக்குற சூடு உறையும்போது குடுக்குறத விட ஏழு மடங்குக்கு மேல. டீசல் இன்ஜின் கையில இல்லாதவங்க இத தொடாதீங்க.

சின்ன தோட்டத்துக்கு என் யோசனை, மதியம் மண்ண நல்லா நனைங்க. ஈர மண்ணு வெயில ஆழமா வாங்கி வச்சுக்கும், ராத்திரி பூரா மெதுவா மேல விடும். பாத்தில புல்லு களை இல்லாம சுத்தமா வைங்க, புல்லு இருந்தா மண்ணு சூடு மேல வராது. மூடுறத சாயந்திரம் நாலு மணிக்கே மூடிடுங்க. ராத்திரி பத்து மணிக்கு குளிருதேன்னு போய் மூடினா, அதுக்குள்ள மண்ணு பாதி சூட்ட விட்டிருக்கும்.

---

பள்ளத்து தோட்டம்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேத்து ராத்திரியும் தெளிஞ்ச வானம், நானும் பொண்ணும் சேர்ந்து இறங்கிட்டோம். இன்னும் மூணு தெர்மாமீட்டர் கடன் வாங்கி, ஒண்ணு பாத்தில நாலடி உயரத்துல குச்சில கட்டினோம், ஒண்ணு புல்லு மேலயே படுக்க வச்சோம், ஒண்ணு கோணிப்பை பந்தலுக்கு கீழ. காலை அஞ்சரைக்கு திண்ணையில 2, குச்சில 1, கோணிப்பைக்கு கீழ 0, புல்லு மேல மைனஸ் 3. ஒரே தோட்டம், ஒரே நேரம். பொண்ணு நோட்டுல எழுதிக்கிட்டா, கை நடுங்குனதுல எழுத்தே கோணல்.

மேட்டு ஹட்டி அண்ணா சொன்னதும் சரிதான், திண்ணைக்கும் பள்ளத்துக்கும் 1 டிகிரி வித்தியாசம் இருக்கு, மீதி 4 டிகிரி வாத்தியார் சொன்ன வானத்து கணக்கு.

அப்புறம் அந்த மண் குழாய். நம்மகிட்ட அது இல்ல, மருந்து கலக்குற பழைய நீல டிரம் ஒண்ணு ஓட்டையா கெடந்துச்சு, அடிய அறுத்துட்டு ரெண்டு பக்கமும் திறந்த மாதிரி ஓடை ஓர புல்லு மேல நிறுத்தி வச்சிருந்தோம். வெளிச்சம் வந்ததும் அப்பாவையும் கூட்டிட்டு கீழ போனோம். டிரம்ம தூக்கினேன். சுத்தி எங்க பாத்தாலும் வெள்ளை, டிரம் நின்ன எடத்துல மட்டும் வட்டமா பச்சை புல்லு. அப்பா குனிஞ்சு அந்த புல்ல தடவி பாத்தாரு, வெளில இருக்குறதையும் தடவி பாத்தாரு. டிரம்முக்கு மேல மூடி இருந்துச்சாடானு கேட்டாரு. இல்லப்பான்னேன். திரும்ப ஒரு தடவ டிரம்ம எடுத்து ரெண்டு பக்கமும் பாத்துட்டு, மேல வானத்தையும் பாத்தாரு.

இன்னைக்கு மூணரை மணிக்கே கோணிப்பை எடுத்துட்டு அவர்தான் முதல்ல கீழ போயிருக்காரு.

வாத்தியார் சார், பொண்ணு ஒண்ணு கேக்க சொன்னா. நிலாவுல காத்தே இல்லையாமே, அப்ப அங்க ராத்திரி எவ்வளவு குளிரும்?

---

கோத்தகிரி வாத்தியார்:

பாப்பாவுக்கு சொல்லுங்க, அங்க ஜன்னல் மட்டும் இல்ல, சுவரே கிடையாது. திருப்பி வீச காத்தும் இல்ல மேகமும் இல்ல, ராத்திரி நமக்கு ரெண்டு வாரம் மாதிரி நீளம். விடியுறதுக்குள்ள தரை மைனஸ் 170 டிகிரி கிட்ட போயிடும். அந்த நாலு தெர்மாமீட்டர் நோட்ட பத்திரமா வச்சுக்க சொல்லுங்க, மேகம் இருக்குற ஒரு ராத்திரியும் இதே மாதிரி அளந்து பக்கத்துலயே எழுத சொல்லுங்க.